ஏஐ மென்பொருள் வந்த பிறகு தலைமையாசிரியருக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வரும் ஜூனில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கு முதல்வராகப் பொறுப்பேற்கிறீர்கள். தாளாளர் ஒரு ஏஐ மென்பொருளை வாங்குவதென்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். எந்தப் பிள்ளை படிப்பை விட்டு நிற்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது, ஆசிரியர்களுக்கு மாதாமாதம் மதிப்பெண் போடுவது, பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புவது, பாடக்குறிப்பு எழுதுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விற்க வந்தவர் சொல்லியிருக்கிறார். 'இதை ஏற்பதா, எதிர்ப்பதா? மனிதரை மையமாகக் கொண்ட தலைமை என்று பயிற்சியில் சொன்னதெல்லாம் பேச்சுக்குத்தானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளைப் பற்றிய கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 'ஆசிரியர்கள் என்னிடம் வந்து காரணம் கேட்டால் நான் என்ன சொல்வது' என்று, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பேச்சுக்கு எவ்வளவு எடை போடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அரசு உதவி பெறும் மேல்நிலைப்பள்ளி ஒன்றில் 21 ஆண்டு கணக்கு ஆசிரியர், அதே பள்ளியில் 12 ஆண்டு தலைமையாசிரியர். ஓய்வுக்குப் பிறகு புதிதாகப் பொறுப்பேற்கும் முதல்வர்களோடு உட்கார்ந்து பேசும் வேலையைச் செய்கிறேன். அப்படிப் போன இடங்களில் மூன்று பள்ளிகளில் நீங்கள் சொல்வது மாதிரியான மென்பொருள் ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு மென்பொருள் எழுதத் தெரியாது. அதன் உள்விவகாரத்தில் என் அறிவு ஒரு பி.எஸ்ஸி. கணக்குக்காரனின் அறிவு, அவ்வளவுதான். ஸ்டாஃப் ரூமுக்குள் என்ன நடக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். சுற்றறிக்கை, ஆண்டு விழா அறிக்கை, வினாத்தாளின் முதல் வரைவு, ஆசிரியர் லீவு போட்ட அன்று சப்ஸ்டிட்யூஷன் போடுவது, கால அட்டவணை. இவற்றுக்குத் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் ஓரளவு உறுதியான சான்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை, 68 பள்ளிகளைச் சேர்ந்த 259 அறிவியல் ஆசிரியர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 2024 கடைசியில் முடிவை வெளியிட்டது. ஒரு குழுவுக்குச் சாட்ஜிபிடியும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற கையேடும் கொடுத்தார்கள், இன்னொரு குழு அது இல்லாமல் பாடம் தயாரித்தது. கொடுத்த குழுவுக்குத் தயாரிப்பு நேரம் 31 விழுக்காடு குறைந்தது. யார் எதை வைத்துத் தயாரித்தது என்று தெரியாமல் பார்த்தவர்களுக்குத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அந்த 31 விழுக்காட்டை நிமிடமாக மாற்றினால் வாரத்துக்கு 25 நிமிடம். விற்க வருபவர் 'ஆசிரியரின் பாதி வேலை போய்விடும்' என்று சொன்னால் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை, மென்பொருள் எழுதிக் கொடுத்த பாடக்குறிப்பை என்னிடம் காட்டினார். நடுவில் ஒரு குறள், அதிகாரப் பெயரோடும் எண்ணோடும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அவர் விரல் விட்டு எண்ணினார், ஏழு வர வேண்டிய இடத்தில் எட்டுச் சீர் வந்தது. திருவள்ளுவர் எழுதாத குறள். அந்த அம்மாவுக்குச் சீர் எண்ணும் பழக்கம் இருந்ததால் தப்பித்தது. இல்லாவிட்டால் நாற்பது பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்திருப்பார்கள்.

மிச்சமாகும் அந்த 25 நிமிடம் எங்கே போகிறது என்பதுதான் உங்களுக்கான வேலை. என் காலத்தில் வருகைப் பதிவைக் கைபேசிச் செயலியில் ஏற்றச் சொன்னபோது, இனிப் பதிவேட்டு வேலை இருக்காது என்றார்கள். பதிவேடும் இருந்தது, செயலியும் இருந்தது, நெட் கிடைக்காத நாளில் மொட்டை மாடியில் நின்று கையை உயர்த்திப் பிடிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஒரு கருவி நேரத்தை மிச்சம் பிடித்தால், அந்த இடத்தை இன்னொரு படிவம் வந்து நிரப்பும். நிரப்ப விடாமல் தடுக்கக்கூடியவர் பள்ளியில் ஒருவர்தான். மென்பொருளில் பாடக்குறிப்பு போடுகிறவர் அதையே நோட்டில் கையால் மறுபடி எழுத வேண்டாம் என்று முதல் வாரமே கையெழுத்துப் போட்டு ஒரு சர்குலர் விடுங்கள். உங்கள் ஆசிரியர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். அப்புறம் நம்புவார்கள்.

அடுத்தது, படிப்பை விட்டு நிற்கப்போகிறவர்களை முன்கூட்டியே காட்டும் பட்டியல். இது கேட்க நன்றாக இருக்கும், அதனால்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பள்ளியில் 1000 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் உண்மையிலேயே நிற்கப்போகிறவர்கள் 20 பேர். மென்பொருள் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் என்று கம்பெனிக்காரர் சொல்கிறார், அதையும் அப்படியே ஒப்புக்கொள்வோம். அந்த 20 பேரில் 18 பேரைப் பிடித்துவிடும். மீதி 980 பேரில் பத்தில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கும், அது 98 பேர். ஆக உங்கள் மேசைக்கு வரும் பட்டியலில் 116 பெயர்கள். அதில் உண்மையான ஆள் 18. ஆறில் ஒருவர்கூட இல்லை. '90 விழுக்காடு துல்லியம்' என்று விளம்பரத்தில் இருப்பதும், பட்டியலில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே படித்து முடிக்கப்போகிறவர்கள் என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. பதினோராம் வகுப்பு நிகழ்தகவுதான் இது, விற்பனைப் பேச்சில் வராது.

நிஜத்தில் நடந்ததும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2012 முதல் இப்படி ஒரு எச்சரிக்கை முறையை நடத்தியது. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண், வருகை, பள்ளி மாறியது, இனம், வீட்டு வருமானம் எல்லாவற்றையும் வைத்து, இவர் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிப்பாரா என்று நிறம் காட்டும். 2023-இல் வெளிவந்த ஒரு பத்திரிகைப் புலனாய்வு, 'முடிக்க மாட்டார்' என்று அது சொன்ன இடங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று தவறு என்று காட்டியது; கறுப்பின, லத்தீன் பிள்ளைகளுக்குப் பொய் எச்சரிக்கை அதிகம் போனது. அதே காலத்தில் ஆய்வாளர்கள் பத்து ஆண்டுத் தரவைப் பார்த்தார்கள். பட்டியல் போட்டதால் அதிகம் பேர் படிப்பை முடித்ததாகச் சான்று கிடைக்கவில்லை. அவர்கள் கண்ட இன்னொன்று எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது: தனித்தனிப் பிள்ளையைப் பற்றி அவ்வளவு நோண்ட வேண்டியதே இல்லை, எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று தெரிந்தாலே ஏறக்குறைய அதே அளவுக்கு உதவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அதாவது சிக்கல் பிள்ளையிடம் இருந்ததைவிடப் பள்ளியிலும் சூழலிலும் அதிகமாக இருந்தது.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியரான இரண்டாம் வருடம், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் மாதம் நான்கு நாள் வருவதில்லை. அப்பா இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. பெயரை நீக்கும் அறிவிப்பைத் தயார் செய்யச் சொல்லி எழுத்தரிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கேட்டைப் பூட்ட வந்த வாட்ச்மேன், "சார், அவன் செவ்வாக்கெழமதான வர்றதில்ல? அன்னிக்குச் சந்தை. தாத்தாகூட ஆடு ஓட்டிட்டுப் போறான். அப்பன் இல்ல சார் அவனுக்கு, ரெண்டு வருசமாச்சு" என்றார். பதிவேட்டில் அப்பா பெயர் இருந்தது, ஆள் இல்லை. நான்கு நாளும் செவ்வாய்க்கிழமை என்பதைப் பதிவேடு சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான் பார்க்கவில்லை. நியாயமாகச் சொன்னால் ஒரு மென்பொருள் அதைப் பார்த்திருக்கும். 'செவ்வாய்தோறும் வராதவர்' என்று ஒரு நொடியில் காட்டியிருக்கும். ஆனால் ஆட்டையும் தாத்தாவையும் வாட்ச்மேன்தான் சொல்ல முடியும். செவ்வாயன்று முதல் இரண்டு பீரியட் தாமதமாக வரலாம் என்று அவனுக்கு அனுமதி கொடுத்தோம். பிளஸ் டூ முடித்தான்.

அதனால் இந்தப் பகுதியை வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் வரட்டும், உங்களுக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் வரட்டும். அதில் ஒரு பெயர் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம், 'இந்தப் பிள்ளையிடம் யாராவது போய்ப் பேசுங்கள்' என்பது. அந்த நிறம் பாட ஆசிரியர்களின் திரையில் தெரியக் கூடாது. மெல்லக் கற்போர் பட்டியலைச் சுவரில் ஒட்டியதால் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடைசி பெஞ்சுக்குக் கேள்வியே போகாது.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன், ஆசிரியர்களுக்கு மதிப்பெண். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பகுதியை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பள்ளிகளில் ஆசிரியர்களின் 'பங்களிப்பை' மாணவர் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடும் ஒரு முறையை வைத்து வேலையிலிருந்து அனுப்பும் முடிவுவரை எடுத்தார்கள். கணக்கிடும் வாய்பாடு கம்பெனியின் ரகசியம். ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் போனது. தனக்கு வந்த எண் சரியா தவறா என்று சரிபார்க்க ஆசிரியருக்கு வழியே இல்லாதபோது அது உரிய விசாரணை ஆகுமா என்ற கேள்வி வழக்குக்கு உரியதுதான் என்று 2017 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் சமரசம் ஆனது: சரிபார்க்க முடியாத எண்ணைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து எடுப்பதில்லை என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஓர் அறிக்கையில் எச்சரித்திருந்தது. மாணவர் மதிப்பெண்களில் காணும் ஏற்ற இறக்கத்தில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 விழுக்காடுதான் என்பது பெரும்பாலான ஆய்வுகளின் கணக்கு என்றது. மீதி எல்லாம் வீடு, உடல்நலம், முந்தைய வகுப்புகள், பள்ளியின் நிலைமை.

நான் பார்த்த மூன்று பள்ளிகளில் ஒன்றில் இது நடந்தது. தேர்வு சராசரி, எத்தனை வீட்டுப்பாடம் ஏற்றினார், பெற்றோருக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் போட்டார் என்று மூன்றையும் கலந்து மாதம் ஓர் எண். இன்கிரிமென்ட் அதோடு கட்டப்பட்டது. இரண்டே பருவத்தில் என்ன ஆனது தெரியுமா? இரவு பத்து மணிக்கு வீட்டுப்பாடம் ஏறியது, பிள்ளைகளுக்காக இல்லை, எண்ணுக்காக. வேதியியல் ஆசிரியர் பல வருடமாகப் பக்கத்துப் பிரிவு ஆசிரியருக்கும் கொடுத்துவந்த நோட்ஸைக் கொடுப்பதை நிறுத்தினார். பத்தாம் வகுப்பு 'சி' பிரிவில் தடுமாறும் பிள்ளைகள்தான் அதிகம், அதை எப்போதும் கேட்டு வாங்கி எடுத்துவந்த ஒரு சீனியர் டீச்சருக்கு 61 வந்தது, பட்டியலில் கடைசி. அவர் முதல்வர் அறைக்குப் போய், "மேடம், ஏன் 61? 60 இல்ல, 65 இல்ல, ஏன் 61?" என்று கேட்டார். அந்த முதல்வருக்குப் பதில் தெரியவில்லை, கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. அடுத்த ஜூனில் 'சி' பிரிவை எடுக்க ஆள் இல்லை. அந்த முதல்வர் நல்லவர், தாளாளரிடம் போராடி எண்ணையும் இன்கிரிமென்ட்டையும் பிரித்துவிட்டார். ஆனால் அந்த டீச்சர் அதற்குள் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

மனிதரை மையமாகக் கொண்ட தலைமை என்பது வெறும் பேச்சா என்று கேட்டீர்களே, அதற்குச் சிகாகோவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அந்தோணி பிரைக், பார்பரா ஷ்னைடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களில் அந்த நகரத்தின் தொடக்கப் பள்ளிகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் இவர்களுக்கு இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது. நம்பிக்கை பலவீனமான பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். நம்பிக்கையை அவர்கள் ஆளின் குணமாகப் பார்க்கவில்லை. ஒருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, தன் வேலையைத் திறமாகச் செய்வது, கடமைக்கு மேல் ஒரு அடி அக்கறை காட்டுவது, சொன்னதைச் செய்வது என்று நான்கு அன்றாடக் காரியங்களாகப் பிரித்தார்கள். இதிலிருந்து நம்பிக்கைதான் முன்னேற்றத்துக்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, முன்னேறும் பள்ளியில் நம்பிக்கை தானாகவும் வளரும். இருந்தாலும் 33 வருடம் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கண்டுபிடிப்பு ஆச்சரியம் தரவில்லை. அந்த 61 அடித்தது இந்த நான்கையும்தான்.

பிள்ளைகளின் மதிப்பெண்ணை இயந்திரத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஆகஸ்ட்டில் இங்கிலாந்து ஒரு பெரிய பாடம். கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டைத் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு வாய்பாட்டில் போட்டுத் திருத்தியது. அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படித் தேறியது என்பது அதில் பெரிய பங்கு வகித்தது. ஏறக்குறைய 39 விழுக்காடு மதிப்பீடுகள் கீழே இறங்கின. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியரின் மதிப்பீடு அப்படியே நின்றது. சிறிய வகுப்புகள் அதிகம் இருந்தது கட்டணப் பள்ளிகளில். ஏழைப் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை தன் பள்ளியின் பழைய ரிசல்ட்டுக்குத் தண்டனை அனுபவித்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள், நான்கே நாளில் அரசு பின்வாங்கி ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றுக்கொண்டது. இத்தனைக்கும் அதில் ஏஐ என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சாதாரணப் புள்ளியியல்தான். வாய்பாடு எளிதாக இருந்தும், ஒரு குறிப்பிட்ட பிள்ளையிடம் 'உனக்கு ஏன் பி' என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட ஒரு கோடு இருக்கிறது, உங்களுக்குப் பொருந்துகிறதா பாருங்கள். ஒரு முடிவால் ஒரு பிள்ளையோ ஆசிரியரோ அடிபடலாம் என்றால், அந்த முடிவின் அடியில் ஒரு மனிதரின் கையெழுத்து இருக்க வேண்டும். அந்த மனிதரால் எதிரே உட்கார்ந்து, அடிபட்டவருக்குப் புரியும் வார்த்தையில் காரணம் சொல்ல முடிய வேண்டும். இயந்திரம் சொன்னது என்பது காரணம் ஆகாது, மேலிடம் சொன்னது என்பது எப்போதும் காரணம் ஆகாததைப் போல. சப்ஸ்டிட்யூஷன் அட்டவணையில் தவறு வந்தால் யாரும் அடிபட மாட்டார்கள், ஒரு பீரியட் கூச்சலாக இருக்கும், அவ்வளவுதான். டி.சி. கொடுப்பது, ஃபெயில் போடுவது, இன்கிரிமென்ட் நிறுத்துவது எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் இருப்பவைதான் தொல்லை. அங்கே எனக்கும் தெளிவு குறைவு.

நடுவில் இருப்பதற்கு ஓர் உதாரணம், பிள்ளைகள் தாங்களே ஏஐ-இடம் கேட்டுப் படிப்பது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் கணக்குப் பாடத்தில் சோதனை செய்தார்கள். வெறும் சாட்ஜிபிடி மாதிரி ஒன்றைக் கொடுத்தபோது பயிற்சிக் கணக்குகளை 48 விழுக்காடு அதிகமாகச் சரியாகப் போட்டார்கள். அப்புறம் அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் ஆசிரியர் எழுதிக் கொடுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி மாற்றியமைத்ததைக் கொடுத்த குழுவுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. நைஜீரியாவில் ஆசிரியர்கள் கூடவே இருந்து நடத்திய ஆறு வாரப் பள்ளிக்குப் பிந்தைய வகுப்பில் நல்ல முன்னேற்றம் கிடைத்ததாக உலக வங்கியின் ஆய்வு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் உள்ளே இருக்கும்போது உதவுகிறது, விலகும்போது கெடுக்கிறது என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்வேன். இவை சில வாரச் சோதனைகள். ஐந்து வருடம் இப்படிப் படித்த பிள்ளை எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லை. தடை போட்டுச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் தடை போட்டு மே மாதமே எடுத்துவிட்டன.

பிள்ளை ஏஐ-இடம் எழுதி வாங்கிக் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் கருவியும் அந்தப் பொதியில் இருக்கும், பாருங்கள். அதை நம்பி ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டுவிடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகளை இயந்திரம் எழுதியது என்று அவை முத்திரை குத்தின. எளிய சொற்களில், பழகிய வாக்கியங்களில் எழுதினால் சந்தேகம் வருகிறது. நம் பிள்ளைகளின் ஆங்கிலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'இந்த இரண்டாவது பத்தியில் என்னம்மா சொல்ல வந்தே?' என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், செலவும் இல்லை.

பெற்றோருக்குப் பதில் அனுப்புவதில் கட்டணம், லீவு, பஸ் நேரம் எல்லாம் தாராளமாக இயந்திரத்திடம் போகட்டும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு அம்மா, 'ரெண்டு நாளா பாப்பா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது, கேட்டா அழுது' என்று அனுப்பினால், 'வருகை விதிகளுக்கு இங்கே சொடுக்கவும்' என்று பதில் போகக் கூடாது. அப்படிப்பட்ட செய்தி வந்தால் இயந்திரம் வாயை மூடிக்கொண்டு, மறுநாள் காலை பிரேயருக்கு முன் ஒரு குறிப்பிட்ட ஆளிடம் சேர்க்கும்படி செய்ய முடியுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். முடியும் என்றால் செய்து காட்டச் சொல்லுங்கள், அங்கேயே, உங்கள் முன்னால், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த ஒரு செய்தியை வைத்து. நம் பெற்றோர் பலர் அப்படித்தான் அனுப்புவார்கள்.

முகத்தை வைத்து வருகை எடுப்பது, பிள்ளை கவனிக்கிறதா என்று கேமரா பார்ப்பது எல்லாம் இருந்தால் ஒரே வரியில் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்வீடனில் ஒரு பள்ளி 22 பிள்ளைகளிடம் முகப் பதிவு வருகையைச் சில வாரம் சோதித்ததற்கே 2019-இல் அபராதம் விழுந்தது. பெற்றோர் சம்மதித்திருந்தார்கள், பள்ளியிடம் பெற்றோர் சம்மதிப்பது சுதந்திரமான சம்மதம் ஆகாது என்றார்கள். பள்ளியில் உணர்ச்சியைக் கண்டறியும் ஏஐ-யை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களைத் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் என்று பள்ளிகளுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு, ஆனால் உங்கள் விஷயத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பள்ளியின் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நான் கணக்கு வாத்தியார்.

இன்னொன்று, கம்பெனி நாளை இருக்குமா? லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி நிர்வாகம் 2024 மார்ச்சில் 'எட்' என்ற பெயரில் சிரிக்கும் சூரியன் படத்தோடு ஒரு ஏஐ உதவியாளரைத் தொடங்கியது, 60 லட்சம் டாலர்வரை போகக்கூடிய ஒப்பந்தம். மூன்று மாதத்தில் அதைச் செய்துகொடுத்த நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, கருவியும் நின்றது. அவ்வளவு பெரிய நகரத்துக்கே அந்தக் கதி என்றால் உங்கள் ஒப்பந்தத்தில், கம்பெனி மூடினால் பிள்ளைகளின் தரவு எத்தனை நாளில் எந்த வடிவத்தில் திரும்ப வரும், அவர்களிடம் இருக்கும் நகல் அழிக்கப்பட்டது என்று யார் எழுதித் தருவார் என்ற இரண்டு வரி இருந்தாக வேண்டும்.

சரி, தாளாளரிடம் எப்படிச் சொல்வது. எதிர்க்காதீர்கள்; அவர் முடிவு செய்தாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், புது முதல்வர் முதல் மாதமே எதிர்த்தால் மென்பொருள் இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். வாங்கலாம் சார், எழுத்து வேலைப் பகுதிகளை ஜூனிலேயே ஓட்டுவோம், இடைநிற்றல் பட்டியலை ஒரு வருடம் நானும் வகுப்பாசிரியரும் மட்டும் பார்க்கிறோம், ஆசிரியர் மதிப்பெண்ணை இப்போதைக்கு அணைத்து வைப்போம் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் உரிமையைப் பற்றிப் பேச வேண்டாம், அவருக்குப் புரியும் கணக்கில் பேசுங்கள். அந்தச் சீனியர் டீச்சர் போன பிறகு 'சி' பிரிவுக்கு அந்தப் பள்ளி ஒரே வருடத்தில் மூன்று பேரை மாற்றியது. ஆசிரியர்களிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள், பணம் கட்டுவதற்கு முன்னால், மே மாதமே. வதந்தியாக அவர்கள் காதுக்குப் போன பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அது சமாளிப்பாகத்தான் கேட்கும். எது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் திரையிலேயே காட்டுங்கள்.

ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்ததும், தரவு யாருக்குச் சொந்தம், மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற இரண்டு பகுதிகளையும், பள்ளிப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் அடித்துவிட்டு இங்கே போடுங்கள். நானும் படிக்கிறேன், மென்பொருள் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் பார்த்துச் சொல்வார்கள்.